ரயில் இல்லாத ஸ்டேஷன்

டிசம்பர் 8, 2024. ஞாயிறு. தேனாம்பேட்டை

ராத்திரி தூக்கமில்லை. அண்ணா சாலையில் புதுப் பாலத்துக்குத் துளை போடுகிறார்கள். ஜன்னலை மூடினால் புழுக்கம். திறந்தால் சத்தம். முழங்கால் வேறு.

அக்கா போன். சாப்பிட்டியா, காலு எப்படி இருக்கு என்று கொஞ்ச நேரம். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். முப்பத்தொன்றாம் தேதியோடு ரிட்டயர். எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுக்கணும். "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிரு புள்ள." எதைப் பார்க்க என்று நான் கேட்கவில்லை.

டிவியில் இன்னும் திருவண்ணாமலைதான். மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர். அதில் ஐந்து பிள்ளைகள். சேனலை மாற்றினேன். அங்கேயும் அதே மண்.

டிசம்பர் 9, திங்கள்

லீவு கேட்டேன். வருஷக் கடைசியில் லீவா என்று ஒரு பார்வை. எந்த ஊர் மேடம்? மூணாறு. ஓ, டூரா!

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். லயத்தில் பிறந்தவள் என்று இத்தனை வருஷம் சொல்லாததை இன்றைக்கு எதற்குச் சொல்வது.

புதன்கிழமை போடி ரயிலில் ஆர்.ஏ.சி. கிடைத்தது. அரை சீட்டுக்கு முழுக் கட்டணம். முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். வாசனை சகிக்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

ஸ்வெட்டரை எடுத்து மொட்டை மாடியில் போட்டேன். அந்துருண்டை நாற்றம். கீழ் வீட்டு மாமி கேட்கிறாள், சென்னையில் இவ்வளவு குளிருதா?

பையன் பெங்களூரிலிருந்து பேசினான். மூணாற்றில் பேய் ரயில் ஓடுதாமே அம்மா, வெள்ளத்தில் போன ரயில், பனியில் விசில் கேட்குமாமே, நீ கேட்டிருக்கியா? போனால் ரெக்கார்டு பண்ணி அனுப்பணுமாம்.

எங்கள் லயத்தில் பேய் இருந்தது. ரயில் பேய் இல்லை, கங்காணிப் பேய். செத்த பிறகும் ராத்திரியில் வீடு வீடாக ஆள் எண்ணிக்கொண்டு போகும். அம்மா அப்படித்தான் எங்களைத் தூங்க வைப்பாள். அதை அவனிடம் சொல்லவில்லை, சிரிப்பான்.

தாத்தா சொன்னதையும் படித்ததையும் சேர்த்து அவனுக்கு ஒரு தாள் எழுதினேன். 1902-ல் ஒற்றைத் தண்டவாளம். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய பக்கச் சக்கரம் மண் ரோட்டில் உருளும், மாடு இழுக்கும். பாட்டியாலா மகாராஜா 1907-ல் போட்ட அதே யூவிங் முறை. அவருக்கு முன்பே இங்கே, தேயிலைக்காக. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை, நீராவி எஞ்சின். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன். 1924 ஜூலையில் எல்லாம் போச்சு.

மாட்டில் ஆரம்பித்து எஞ்சினில் முடிந்து மொத்தம் இருபத்திரண்டு வருஷம். அக்காவின் சர்வீஸ் அதைவிட நீளம்.

எழுதி முடித்ததும் அனுப்ப மனசில்லை. விசில்தானே வேணும் அவனுக்கு.

டிசம்பர் 11, புதன். ரயிலில், ராத்திரி

தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறி நேராக சென்ட்ரல். மூட்டையோடு எஸ்கலேட்டரில் நின்றபோது கால் கூசியது. பின்னால் ஒரு பெண் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். முகம்கூடப் பார்க்கவில்லை.

பெட்டி முழுக்க ஐயப்பமார்கள். கருப்பு வேட்டி, இருமுடி, கற்பூர வாசனை. எதிரே ஒரு குருசாமி காலை நீட்டுங்கம்மா என்று இடம் விட்டார். தேனியில் இறங்கிக் குமுளி வழியாகப் போகிறார்களாம். நீங்க எங்கம்மா? அக்கா வீட்டுக்கு. எங்கே? டாப் ஸ்டேஷன் பக்கம். ஓ, அங்கே ரயில் போகுதா?

வாயில் வந்தது, போச்சு சாமி, நூறு வருஷம் முன்னாடி. சொல்லவில்லை. இல்லை சாமி, பேர் மட்டும்தான் என்றேன்.

காட்பாடி தாண்டியும் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் மழை.

டிசம்பர் 12, வியாழன். லயம்

எழுதக் கை விறைக்கிறது. கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போதே மலை இல்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. போடியில் இறங்கி ஸ்டேஷன் போர்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஊருக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே மலை ரயில் போனது 1924-ல். மேல் ரயிலும் கீழ் ரயிலும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. உலகப் போரில் இந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்ச் சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தி, 2023 ஜூனில்தான் அகலப் பாதையில் மறுபடி ரயில். போன ரயில் கீழே திரும்ப வருகிறது. மேலே வரவில்லை.

போடிமெட்டு, பதினேழு கொண்டை ஊசி. பாதியிலேயே வயிறு புரட்டல். புளிப்பு மிட்டாய் கைகொடுத்தது. மேலே போனதும் மூடுபனி. டிரைவர் முன்லைட்டை இறக்கிவிட்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினார். எதிரே வண்டி வந்தால் முதலில் ஹாரன், அப்புறம் மஞ்சளாக ஒரு கலங்கல், அப்புறம்தான் வண்டி. பூப்பாறை, தேவிகுளம், எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. போர்டைப் படித்து ஊர் இருக்கிறதென்று நம்பிக்கொண்டேன்.

மூணாற்றில் ஜீப் மாறி, குண்டளை தாண்டி வந்து சேர இருட்டிவிட்டது. டாப் ஸ்டேஷன் போடிக்கு நேர் மேலே இருக்கிறது. குரங்கணியிலிருந்து மேலே வண்டிப் பாதை இல்லாததால் இத்தனை சுற்று.

அக்கா டார்ச்சோடு நின்றாள். இளைத்திருக்கிறாள். கட்டிப்பிடித்தால் எலும்பு. விறகுப் புகை, ஈரக் கம்பளி, தேயிலைத் தூசி, மூன்றும் கலந்த வாசனை. உள்ளே நுழைந்ததும் அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

இருட்டோடு இருட்டாக டங், டங், டங். தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். ஒரு கணம் எந்த ஊர், எந்த வயசு என்று புரியவில்லை.

மஸ்டர் மணி. மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. இன்னும் அதே துண்டு. ரயில் போன பிறகு ஆற்றிலும் சரிவிலும் பொறுக்கின இரும்பில் ஒன்று என்பார் தாத்தா. அத்தானும் அதையே சொல்கிறார். நிரூபணம் எதுவும் கிடையாது. இரும்புக்கு வயசு கேட்க முடியாது.

பையன் கேட்ட பேய் ரயில் சத்தம் இதுதான். தினமும் ஆளைக் கூப்பிடுகிறது.

அக்கா பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். ரிட்டயர் ஆகப் பதினெட்டு நாள் இருக்கு, இன்றைக்கு லீவு போடேன் என்றேன். கொழுந்து நிக்குமா? பத்தடி போனதும் ஆள் இல்லை. பேச்சுக் குரல் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அதுவும் இல்லை.

பகல் முழுக்கத் தனியாக. மழை நின்றால் பனி, பனி விலகினால் மழை. கதவைத் திறந்தால் வெள்ளை உள்ளே வருகிறது. எதிர் லயம் தெரியவில்லை, அங்கே ஒரு குழந்தை இருமுகிறது. டாங்கில் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு ஆள் வாசலைக் கடந்து போனார். கால் சத்தம் இல்லை. ரப்பர் செருப்பு, ஈர மண், அவ்வளவுதான். ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது.

சாயங்காலம் லயம் முழுக்க விளக்கு. அகல் எரிவது தெரியவில்லை, மஞ்சள் புள்ளிகள் மட்டும் வரிசையாக அந்தரத்தில் நிற்கின்றன. நிறைய வீட்டில் விளக்கு இல்லை. அத்தான் கைநீட்டிச் சொன்னார்: இது திருப்பூர் போயிட்டாங்க, இது பூட்டு, இது வங்காளப் பையனுங்க, இது பூட்டு.

அழகாக இருந்தது. திரும்பச் சென்னைக்கே ஓடிவிடலாம் என்றும் இருந்தது.

டிசம்பர் 14, சனி

டங், டங், டங். இன்றைக்குப் பயமில்லை. எரிச்சல்தான் வந்தது.

மழை விட்டது. அத்தான் ரயில் தடம் காட்டுகிறேன் வா என்றார். முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு போனேன். முதல் ஏற்றத்திலேயே வலி, உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் மேலே ஏறி வா, அப்புறம் வலிக்காது என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இல்லை. தேயிலைக்கு நடுவே ஒரு பாதையில் திரும்பினோம், மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. மலையை வளைத்து வளைத்துப் போகிறது, ஏறுவதே தெரியவில்லை. ஆள் நடக்க வெட்டின பாதை என்றால் நேராக ஏறும். எஞ்சினுக்கு அது ஆகாது. அதனால் சரிவைக் குடைந்து, பள்ளத்துக்குக் கல் அடுக்கி, மெதுவாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை, ஜல்லி இல்லை. என் முழங்கால்தான் ரயில் தடத்தைக் கண்டுபிடித்தது.

ஒரு வளைவில் சின்னக் கல் மதகு. பாசி. கீழே தண்ணீர் இன்னும் ஒழுங்காகப் போகிறது. கல்லைத் தொட்டேன், ஐஸ். தாத்தா கல் உடைத்தது எந்த வளைவில் என்று தெரியாது. கோவில்பட்டிப் பக்கமிருந்து கங்காணியோடு வரும்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அந்த மதகு அவர் கட்டினதாகவே இருக்கட்டும்.

பனி திடீரென்று இறங்கியது. அத்தானை ஒரு கணம் காணோம். அத்தான் என்று கூப்பிட்டேன், குரல் பஞ்சில் அமுங்கியது. பதில் இல்லை. பக்கத்தில் பெருமூச்சு. மனுஷ மூச்சு இல்லை, கனமான மூச்சு. கை கால் ஓடவில்லை. அசையாதே என்று எங்கிருந்தோ அத்தான், தாழ்ந்த குரலில். கருப்பாக ஒரு மேடு எழுந்து, திரும்பி, புதருக்குள் போனது. வெள்ளைக் கால்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. காட்டெருமை.

திரும்பி வரும்போது அத்தான் பேசிக்கொண்டே வந்தார். இது பரவால்ல, படையப்பா வந்தா கடைய ஒடச்சு அரிசிய எடுத்துட்டுப் போவான். படையப்பா யானை. மூணாற்றுக்காரர்கள் வைத்த பேர், ரஜினி படத்துப் பேர்.

காலில் அட்டை. உப்புப் போட்டு எடுத்தாள் அக்கா. ரத்தம் நிற்கவே இல்லை. ராத்திரி வரை அரிப்பு.

டிசம்பர் 15, ஞாயிறு

மணி இல்லை. ஞாயிறு. மணி அடிக்காததாலேயே விழித்துக்கொண்டேன்.

டாப் ஸ்டேஷன் போனோம். அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள், எதற்கு என்று தெரியவில்லை. காட்சி முனையில் கூட்டம். சோளம், கேரட், ஹோம்மேட் சாக்லேட். கீழே எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சுவர். சென்னைக் குடும்பம் ஒன்று, இதுக்கா இவ்வளவு தூரம் என்று சண்டை. பேச்சைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், நம்ம ஊர்.

போனில் ஒரு நிமிஷம் தமிழ்நாடு நெட்வொர்க், அடுத்த நிமிஷம் கேரளா. முனை தமிழ்நாடு, வருகிற ரோடு கேரளா.

ரயில் இங்கே வந்து நின்றது. இங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் ஐந்து கிலோமீட்டர் நேர்க் கீழே, கொட்டகுடிக்கு. அதற்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பேர். நடுவில் ஒரு ஊர், இன்றைக்கும் சென்ட்ரல். அங்கிருந்து போடி வழியாக வண்டிப் பாதை. பிறகு ரயில், பிறகு கப்பல், பிறகு லண்டன்.

தேயிலைக்கு ரோப்வே, ஆளுக்கு நடை. தாத்தா இந்தச் சரிவில்தான் ஏறி வந்திருக்கிறார், தலையில் சட்டி பானையோடு. அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "நான் அந்த வழியா இறங்குனதே இல்லடி." ஐம்பத்தெட்டு வருஷமாக மேலேயே இருக்கிறாள்.

பனி ஒரு கணம் கிழிந்தது. கீழே ஆழத்தில் பச்சை, அதற்கும் கீழே வெயிலில் போடிச் சமவெளி. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மூடிவிட்டது. குரங்கணி அந்தப் பக்கம்தான். 2018 மார்ச், காட்டுத் தீ, மலையேறப் போன இருபத்துமூன்று பேர். சென்னைப் பெண்கள் அதில் நிறைய. அந்த வாரம் ஆபீசில் எல்லோரும் கேட்டார்கள், குரங்கணி எங்கே இருக்கு? எனக்குத் தெரியும் என்று அப்போதும் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைத் திறக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி 1

டங், டங், டங்.

சாமான் ஒழித்தோம். தகரப் பெட்டி, கம்பளி, கொழுந்துக் கூடை, அம்மா போட்டோ, ரேஷன் கார்டுகள் மூன்று தலைமுறைக்கு. அம்மிக்கு ஒரு சண்டை. தேனிக்குத்தானே குடிபோகப் போறே, அங்கே மிக்ஸி போதாதா என்றேன். ஒனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அம்மியைச் சாக்கில் சுற்றினோம். முதுகு பிடித்துக்கொண்டது.

சென்னைக்கு வந்துடேன் அக்கா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள். உடனே எனக்கு நிம்மதி. என் வீட்டில் இடம் எங்கே. அந்த நிம்மதி அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி டீ போட்டாள்.

மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. அப்போதுதான் கவனித்தேன், கதவோரம் ஒரு பை. வந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. காலி பண்ணக் கட்டினது என்று நினைத்தேன். இல்லையாம். பாஸ்புக், ஆதார், டார்ச், ஒரு சேலை, மாத்திரை. 2020-லிருந்து கதவோரம்தான் இருக்கிறது.

பெட்டிமுடி. ஆகஸ்ட் 6 ராத்திரி. மேலே மலை விட்டுக்கொடுத்து நான்கு வரிசை லயம் மேல் வந்தது. எழுபது பேர். நிறையப் பேர் கயத்தாற்றுப் பக்கத்து ஆட்கள், எங்கள் ஆட்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. சிலர் கிடைக்கவே இல்லை.

"அன்னையிலருந்து மழ பேஞ்சா ஒறங்க மாட்டேன் புள்ள. கேட்டுக்கிட்டே இருப்பேன்."

என்ன கேட்பாய் என்றேன்.

"ஒண்ணும் கேக்கலன்னா நல்லது."

இந்த வருஷம் ஜூலையில் வயநாட்டிலும் மண்சரிவு. முண்டக்கை, சூரல்மலை. அங்கேயும் எஸ்டேட் பாடிகள், லயம் மாதிரி. அத்தான் அந்த வாரம் முழுக்க டிவி போடவிடவில்லையாம்.

இப்போது ராத்திரி. மழை தகரத்தில் விழுகிறது. நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? அக்கா சொன்னாள், ஓடையில் திடீரென்று தண்ணீர் குறைந்தால்தான் பயப்படணும், மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தாத்தா சொன்ன 99 வெள்ளமும் அதுதான். கொல்லம் ஆண்டு 1099. மாட்டுப்பட்டிப் பக்கம் மரமும் மண்ணும் சரிந்து ஆற்றை அடைத்து, மழை குளமாகத் தேங்கி, உடைத்துக்கொண்டு மூணாற்றுக்குள் பாய்ந்தது. ரயில், பாலம், ஸ்டேஷன், கடைகள். தண்டவாளம் ஆற்றில் முறுக்கிக் கிடந்ததாம், இடியாப்பமாக.

டங் என்று எதுவும் கேட்கவில்லை. மழைதான்.

டிசம்பர் 17, செவ்வாய்

மணி அடித்தது. அக்கா போனாள். நான் கிளம்பும்போது அவள் மேட்டில் எங்கோ கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பனிக்குள். கூப்பிட்டேன். ஒரு கை தெரிந்தது. அவளா வேறு யாராவதா, தெரியாது. நானும் கை காட்டினேன்.

மூணாற்றில் நேரம் இருந்தது. பழைய ரயில் ஸ்டேஷன் இப்போது கம்பெனி ஆபீஸ். வெளியிலிருந்து பார்த்தேன். காவலாளி, என்ன வேணும்? ஒன்றும் வேண்டாம்.

ஆட்டோ பிடித்து நல்லதண்ணி டீ மியூசியம். அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. தொடாதே என்று எழுதியிருக்கிறது, தொட்டேன். வாசலில் கருங்கல் சூரியக் கடிகாரம், 1913, நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. திருநெல்வேலிக் கை என்றதும் ஒரு பெருமை. வெயில் இல்லாததால் மணி காட்டவில்லை.

சி.எஸ்.ஐ. கோயில் மேட்டில் கல்லறைகள். முதல் கல்லறை எலினர் நைட், துரையம்மா, 1894, காலரா. கல்யாணமாகி வந்த புதிது. சின்னப் பெண். பாவம்தான். கோயிலே அவளுக்குப் பின்னால் 1910-ல்தான் கட்டினார்கள். டூரிஸ்டுகளிடம் கைடு அவள் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் நின்று கேட்டேன். அதே காலராவில் லயத்தில் போனவர்களுக்கு எந்த மேடு என்று அவனைக் கேட்கவில்லை. அவன் பிழைப்பு அவனுக்கு.

போடிமெட்டு இறங்க இறங்கக் காது அடைத்தது. முந்தலில் வெயில். ஸ்வெட்டரைக் கழற்றினேன். அரை மணி நேரத்தில் குளிர் இருந்ததே மறந்துவிட்டது, உடம்புக்கு வெட்கமே இல்லை.

டிசம்பர் 19, வியாழன். தேனாம்பேட்டை

சளி. தொண்டை கட்டிவிட்டது. ஆபீசில் ஹோம்மேட் சாக்லேட் கொடுத்தேன். ட்ரிப் எப்படி மேடம்? நல்ல பனி.

பையன் போன். விசில் கேட்டதா? தண்டவாளத் துண்டு மணியைப் பற்றிச் சொன்னேன். அதை ரெக்கார்டு பண்ணியிருக்கலாமே என்றான். அது ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற மணிடா என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், பெரியம்மா எங்கே போகப் போறாங்க என்று கேட்டான். முதல் தடவையாகக் கேட்கிறான்.

அந்தத் தாளை அனுப்பினேன்.

டிசம்பர் 20, வெள்ளி

விடியும் முன் தானாக விழிப்பு. கீழே துளை போடும் இயந்திரம் ஆரம்பித்திருந்தது. இங்கே மண்ணுக்கடியில் மெட்ரோ ஓடுகிறது, மேலே பாலம் வருகிறது, எஞ்சினியர்கள் அளந்து அளந்து தோண்டுகிறார்கள். சுரங்கத்துக்கு மேல் எவ்வளவு கனம் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தூண் நிற்கிறதாம். பேப்பரில் படித்தேன்.

அப்படி யாராவது லயத்துக்கு மேலே இருக்கிற மலையை அளந்தார்களா?

கோபம். சளி. இன்றைக்கு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

தேனியில் அக்காவுக்கு வீடு முடிவாகிவிட்டது. மகள் வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு ரூம், ஒரு சமையற்கட்டு, பொதுக் குழாய். அட்வான்சுக்கு நான் அனுப்பினேன். வேண்டாம் என்றாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். மாடியில் ஏறினா மல தெரியும் என்கிறாள். தூரத்தில்தானே? தூரத்துலதான்.

அங்கே போய் உனக்குத் தூக்கம் வருமா என்று கேட்டேன். "வந்துரும்னு நெனைக்கேன். பழகணும்."

பக்கத்து லயத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து புதுசாக இரண்டு குடும்பம் வந்திருக்கிறதாம். கைக்குழந்தையோடு. அக்காவுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது. கையைக் காட்டிக் காட்டி அக்கா ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கதவோரம் பை. ஓடையில் தண்ணீர் குறைந்தால் எழுந்து ஓடு.

பையன் மறுபடி கேட்டான், ஏம்மா அந்த ரயிலைத் திரும்பப் போடலை? வெள்ளத்தில் போனதைத் திரும்பப் போடவில்லை. ரோப்வே இருந்தது, பிறகு ரோடு வந்தது, தேயிலை எப்படியோ இறங்கிவிட்டது. அந்த வெள்ளத்துக்கு இந்த ஜூலையோடு நூறு வருஷம். அதே ஜூலைக் கடைசியில் வயநாடு.

1924-க்குப் பிறகு அந்தச் சரிவில் ஒரு எஞ்சின்கூட ஏற்றவில்லை. லயத்தை மட்டும் மலைக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள்.